ஒரே பொருள், இரண்டு ஆங்கிலச் சொல்: எதைத் திறந்து பார்ப்பது?

தமிழில் ‘கட்டணம்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போகலாம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் கட்டணம், வகுப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், மின்கட்டணம், எல்லாமே கட்டணம்தான். ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கு ‘ஃபெயார்’, வகுப்புக்கும் பரீட்சைக்கும் ‘ஃபீ’, பொதியை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கு ‘சார்ஜ்’, மாத முடிவில் மின்சாரத்துக்கு வருவது ‘பில்’. ‘பஸ் ஃபீ’ என்று எழுதினாலும் வாசிப்பவருக்கு விளங்கும். ஆனால் விண்ணப்பக் கடிதத்தில் இப்படி நான்கைந்து இடம் வந்தால், எழுதியவருக்கு ஆங்கிலம் பழக்கமில்லை என்ற முடிவுக்கு அவர் இரண்டாம் பந்தியிலேயே வந்துவிடுவார்.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் ஒப்படை எழுதுகிற மாணவர், உயர்தரப் பொது ஆங்கிலத்துக்குப் படிக்கிறவர், தொண்டு நிறுவன வேலைக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவர் என்று எல்லாரும் முட்டுகிற இடம் இது. அகராதியில் இரண்டு சொல்லுக்கும் ஒரே தமிழ்ப் பொருள் போட்டிருக்கும், எதைத் தெரிவு செய்வது என்று தெரியாது. அதற்கு உதவுவதாகச் சொல்லப்படும் கருவிகளில் எவை உண்மையில் உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதே இந்த மதிப்பீடு. சொல்லப்போகிற எல்லாவற்றையும் போனில் இலவசமாகத் திறக்கலாம். ஓக்ஸ்ஃபோர்ட் அகராதியைப் புத்தகமாகவும் வாங்கலாம்.

மதிப்பிட்ட அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறோம். பொருளை மட்டும் சொல்கிற கருவிக்கு இங்கே புள்ளி குறைவு. கிட்டத்தட்ட ஒரே பொருள் தருகிற இரண்டு சொல்லைப் பிரிப்பது பெரும்பாலும் பொருள் அல்ல. அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், யாருக்கு எழுதும்போது வரும், பிரித்தானியர் எழுதுவதா அமெரிக்கர் எழுதுவதா என்பவைதான் பிரிக்கின்றன. நம் பரீட்சைகளும் அலுவலகங்களும் பிரித்தானிய வழக்கில் நிற்பதால் கடைசி விடயமும் நமக்கு முக்கியம்.

ஓக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி

இதைத் தொடங்கிய ஹோர்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்தவர். முதல் வடிவம் 1942இல் டோக்கியோவில் வந்தது. ஓக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் அதை 1948இல் வெளியிட்டது. 2020இல் வந்தது 10ஆம் பதிப்பு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் எங்கே தடுமாறுவார் என்று யோசித்துச் செய்த அகராதி என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

நமக்கு வேண்டியது அதிலுள்ள இரண்டு வகைப் பெட்டிகள். ஒன்று ‘விச் வேர்ட்’, மற்றது ‘சினொனிம்ஸ்’. ‘ரென்ட்’ என்ற சொல்லை எடுங்கள். தமிழில் வீட்டுக்கும் வாடகை, கலியாண மண்டபத்துக்கும் வாடகை, கதிரைக்கும் வாடகை. பிரித்தானிய வழக்கில் மண்டபம், கதிரை போலக் கொஞ்ச நேரத்துக்கு எடுப்பது ‘ஹயர்’, வீடு போல நீண்ட காலத்துக்கு எடுப்பது ‘ரென்ட்’. வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்கு விடுவது ‘லெட்’. அமெரிக்காவில் மண்டபத்தையும் ‘ரென்ட்’ என்றே சொல்வார்கள். அங்கே ‘ஹயர்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆளை வேலைக்கு எடுப்பது. இந்த வேறுபாடுகளை ஒரு சின்னப் பெட்டிக்குள் பார்த்துவிடலாம். நாட்டு வழக்கு எது என்ற குறியீடும் பக்கத்திலேயே இருக்கும்.

இதைப் பாவிப்பவர்கள் வழமையாக விடுகிற பிழை, முதலாவது பொருளை வாசித்தவுடன் மூடிவிடுவது. இணையப் பக்கத்தில் இந்தப் பெட்டிகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும், தட்டினால்தான் விரியும். தட்டாதவருக்கு இது சாதாரண அகராதி. இன்னொன்று, புத்தகத்தில் நான்கைந்து சொல் கொண்ட ஒரு குழுவுக்குப் பெட்டி ஒரு சொல்லின் கீழ்தான் இருக்கும். மற்றச் சொற்களின் கீழ் ‘அங்கே பார்’ என்ற குறிப்பு மட்டும் வரும். அந்தக் குறிப்பைத் தொடர்ந்து போக வேண்டும். பழைய புத்தகத்தை மலிவாக வாங்குகிறவர்கள் அட்டையை நம்பாமல் உள்ளே நான்கைந்து இடம் புரட்டி, இந்தப் பெட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பெட்டி இருந்தால் பழைய பதிப்பும் இந்த வேலைக்குப் போதும்.

குறை என்று சொன்னால், எல்லாரும் குழம்புகிற பிரபலமான குழுக்களுக்குத்தான் பெட்டி போட்டிருக்கிறார்கள். நீங்கள் குழம்புகிற சோடி அதில் இல்லாவிட்டால் உதாரண வாக்கியங்களை வைத்து நீங்களே ஊகிக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ், லோங்மன், கொலின்ஸ் கோபில்ட்

கேம்பிரிட்ஜ் அகராதித் தளத்தில் சொல்லைத் தேடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘கிராமர்’ என்ற பகுதிக்குள் எளிதில் குழம்பும் சொற்களுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. ‘எக்ஸ்பெக்ட், ஹோப், வெயிட்’ ஒரு பக்கம், ‘லுக் அட், சீ, வொச்’ இன்னொரு பக்கம்.

முதலாவது பக்கத்தை வேலை தேடுகிற எல்லாரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். ‘தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்று கடிதத்தை முடிப்பது தமிழில் மரியாதையான வழக்கம். அதை அப்படியே ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை’ என்று மாற்றினால் மரியாதை அங்கேயே போய்விடுகிறது. ‘எக்ஸ்பெக்ட்’ என்பது நடந்தே தீரும் என்று நினைப்பது, சில இடங்களில் நடக்க வேண்டும் என்று கேட்பது. மேலதிகாரி கீழே வேலை செய்கிறவரிடம் சொல்கிற தொனி அதில் உண்டு. வேலை கேட்டு எழுதுகிறவர் அதைப் போட்டால் ‘பதில் போட வேண்டியது உங்கள் கடமை’ என்பது போல ஒலிக்கும். அந்த இடத்துக்குரியது ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’. இதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. ‘லுக் ஃபோர்வர்ட் டு’வில் வருகிற ‘டு’ முன்னிடைச் சொல், வினைக்கு முன்னால் வருகிற ‘டு’ அல்ல. ஆகவே பின்னால் ‘ஹியர்’ வராது, ‘ஹியரிங்’தான் வரும். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபோர்வர்ட்’ என்பது பிழை அல்ல, ஆனால் நெருங்கியவருக்கு எழுதுவது. அலுவலகக் கடிதத்துக்கு ‘ஐ லுக் ஃபோர்வர்ட்’ பொருந்தும்.

லோங்மன் அகராதி 1978இல் முதலில் வந்தபோதே ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள் நின்று எல்லாப் பொருளையும் விளக்குவது என்று தீர்மானித்துச் செய்தது. சாதாரண தர மாணவருக்கு ஓக்ஸ்ஃபோர்டை விட இது இலகு. அதைவிட உதவுவது, சொல்லுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எஸ், டபிள்யூ குறியீடுகள். எஸ் பேச்சு, டபிள்யூ எழுத்து. ‘எஸ்1’ என்றால் பேச்சில் அதிகம் வருகிற முதல் 1,000 சொற்களில் ஒன்று, ‘டபிள்யூ3’ என்றால் எழுத்தில் மூன்றாவது ஆயிரத்துக்குள் வருவது. ‘கெட்’, ‘ரிசீவ்’ இரண்டுக்கும் இந்தக் குறியீட்டை ஒப்பிட்டாலே கதைக்கும்போது எது, பிரதேச செயலகத்துக்கு எழுதும்போது எது என்று பிடிபட்டுவிடும். பிரிவு அப்போதும் தெளியாவிட்டால் ‘ரெஜிஸ்டர்’ என்று தலைப்பிட்ட குறிப்பைத் தேடுங்கள். பேச்சுக்கு எது, எழுத்துக்கு எது என்று நேராகவே சொல்லியிருக்கும்.

கோபில்ட் 1987இல் வந்தது. கொலின்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் விளக்கம் துண்டு துண்டாக இராது, முழு வாக்கியமாக இருக்கும். யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்பது விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடும். ‘போரோ’, ‘லெண்ட்’ சோடிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தமிழில் ‘கடன்’ என்று வைத்துக்கொண்டு வாங்கு, கொடு என்று திசையை மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் திசை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மற்றச் சோடிகளுக்கு இதை இரண்டாவதாகப் பார்த்தால் போதும்.

மக்மில்லன் அகராதியின் இணையத்தளம் 2023இல் மூடப்பட்டுவிட்டது. பழைய வகுப்புக் குறிப்புகளில் அந்த இணைப்பு இருந்தால் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

ஸ்கெல்: அதிகம் பேர் அறியாத, அதிகம் உதவுகிற கருவி

எங்கள் மதிப்பீட்டில் முதலிடம் இதற்குத்தான். ஸ்கெட்ச் என்ஜின் என்ற பெரிய மொழித்தரவு மென்பொருளைச் செய்தவர்கள் ஆங்கிலம் படிப்பவர்களுக்கென்று இலவசமாக விட்டிருக்கிறார்கள். கணக்குத் தொடங்கத் தேவையில்லை. பக்கம் பெரும்பாலும் எழுத்துதான், படமோ வீடியோவோ இல்லை, ஆகவே டேட்டாவும் கொஞ்சமே போகும். நூறு கோடிக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள் கொண்ட தொகுப்பிலிருந்து இது விடை தருகிறது. விடை என்பது விளக்கம் அல்ல, சான்று. அந்தச் சொல்லை ஆட்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதை அப்படியே எடுத்துக் காட்டும்.

சொல்லைப் போட்டதும் மேலே மூன்று பகுதி தெரியும். முதலாவதில் அதிகபட்சம் நாற்பது உதாரண வாக்கியங்கள். மூன்றாவதில் பொருளால் நெருங்கிய சொற்கள், ஒரு கூட்டமாக. நடுவில் உள்ள ‘வேர்ட் ஸ்கெட்ச்’தான் இந்தக் கருவியின் உயிர். அந்தச் சொல்லுக்கு முன்னால் எந்தப் பெயரடைகள் வருகின்றன, எந்த வினைகள் அதைச் செயப்படுபொருளாக எடுக்கின்றன, அது எந்த வினைக்கு எழுவாயாக நிற்கிறது என்று வகை பிரித்துத் தரும்.

மார்கழி மழையை வைத்துப் பாருங்கள். நாங்கள் ‘பலத்த மழை’ என்போம், ‘பலத்த காற்று’ என்போம். ‘பலத்த’ இரண்டுக்கும் பொது. அதனால் ‘ஸ்ட்ரோங் விண்ட்’ சரியாக வந்த கையோடு ‘ஸ்ட்ரோங் ரெயின்’ என்று எழுதிவிடுகிறோம். ‘ஸ்ட்ரோங்’ என்பதை எந்த அகராதியில் பார்த்தாலும் இந்தப் பிழை பிடிபடாது, ஏனென்றால் பொருள் சரியாகத்தான் இருக்கிறது. ஸ்கெல்லில் ‘ரெயின்’ என்று போட்டு நடுப் பகுதியைத் திறந்தால் பெயரடைகளின் வரிசையில் ‘ஹெவி’ முன்னுக்கு நிற்கும், ‘டொரென்ஷல்’ போன்றவையும் வரும். ‘விண்ட்’ என்று போட்டால் ‘ஸ்ட்ரோங்’ வரும். அந்தச் சொல்லின் மேல் தட்டினால் இரண்டும் சேர்ந்து வருகிற வாக்கியங்கள் விரியும். வெள்ள நிவாரண அறிக்கை எழுதுகிறவருக்கு ஐந்து நிமிட வேலை.

இரண்டு சொல்லைப் பிரிக்க நாங்கள் சொல்கிற முறை இதுதான். தேட வேண்டியது நீங்கள் சந்தேகப்படுகிற சொல்லை அல்ல, அதற்குப் பக்கத்தில் நிற்கப்போகிற சொல்லை. வாய்ப்பு என்பதற்கு ‘சான்ஸ்’ போடுவதா ‘ஒப்பர்சூனிட்டி’ போடுவதா என்று குழம்பி, பக்கத்துச் சொல்லும் இன்னும் முடிவாகாவிட்டால் இரண்டையும் தனித்தனியே திறந்து கூட்டாளிச் சொற்களை ஒப்பிடலாம். ஒரு பக்கம் ‘ஸ்லிம்’ போன்ற பெயரடை வருகிறது, அதாவது நடக்க எவ்வளவு சாத்தியம் என்ற கணக்கு. மற்றப் பக்கம் ‘ஈக்குவல்’, ‘ப்ரொவைட்’ போன்றவை வருகின்றன, அதாவது ஒருவர் இன்னொருவருக்குத் தருகிற வாய்ப்பு. ஆனால் உங்கள் வாக்கியத்தில் ஏற்கெனவே ‘ப்ரொவைட்’ என்ற வினை இருந்தால், அந்த வினையைத் தேடி அது எந்தப் பெயர்ச்சொல்லைப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் விரைவு.

முதற் பகுதியில் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்தும் தேடலாம். வாக்கியங்களுக்கு மேலே, பத்து இலட்சம் சொல்லுக்கு இது எத்தனை தடவை வருகிறது என்ற எண் இருக்கும். இரண்டு தொடருக்கும் அந்த எண்ணைக் குறித்து ஒப்பிடுங்கள். பத்து மடங்கு வித்தியாசம் இருந்தால் யோசிக்காமல் பெரியதை எடுக்கலாம். இரண்டு மடங்குதான் என்றால் இரண்டும் வழக்கில் இருக்கிறது, இடத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் வருகிற தொடரைப் பார்த்து ‘ஆங்கிலத்தில் இருக்கிறதே’ என்று சமாதானம் கொள்ளக் கூடாது. இவ்வளவு பெரிய தொகுப்பில் பிழையும் ஓரிரண்டு இடத்தில் வரத்தான் செய்யும்.

ஸ்கெல்லில் ஆட்கள் விழுகிற இடங்கள் சில. நடுப் பகுதிக்குச் சொல்லின் மூல வடிவத்தைப் போட வேண்டும்: ‘ஃபீஸ்’ அல்ல, ‘ஃபீ’. ‘ரென்ட்’ போலப் பெயராகவும் வினையாகவும் வருகிற சொல்லுக்கு எது திறந்திருக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் விட்டால் பெயர்ச்சொல்லின் கூட்டாளிகளைப் பார்த்து வினையைப் பற்றி முடிவெடுத்துவிடுவீர்கள். வாக்கியங்களைக் கணினிதான் தெரிவு செய்கிறது, ஆசிரியர் அல்ல, ஆகவே சில வாக்கியம் கடினமாக இருக்கும். பிரித்தானிய, அமெரிக்க வழக்கைப் பிரித்துக் காட்டாது, மரியாதைத் தொனியையும் சொல்லாது. அந்த இரண்டுக்கும் ஓக்ஸ்ஃபோர்டுக்கும் லோங்மனுக்கும் திரும்பத்தான் வேண்டும். முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால் சாதாரண தரத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது பாரம்.

கூகுள் என்கிராம்

2010 டிசம்பரில் வந்தது. அச்சுப் புத்தகங்களில் ஒரு தொடர் எந்த ஆண்டில் எவ்வளவு வந்தது என்று கோடு கீறிக் காட்டும். ஐந்து சொல் வரை போடலாம், இரண்டு தொடருக்கும் இடையில் கால்புள்ளி வைத்தால் இரண்டு கோடு வரும். ‘டிஸ்கஸ் த ப்ரொப்ளம்’, ‘டிஸ்கஸ் அபௌட் த ப்ரொப்ளம்’ இரண்டையும் போட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் எல்லாரும் எழுதுகிற இரண்டாவதன் கோடு தரையோடு ஒட்டிக் கிடக்கும், அல்லது கோடே வராது. நாற்பது புத்தகங்களிலாவது வராத தொடரை இது கணக்கில் எடுப்பதில்லை. மொழித் தெரிவில் பிரித்தானிய ஆங்கிலம் என்று மாற்றிவிட்டுத் தேட மறக்க வேண்டாம்.

முன்னிடைச் சொல் சந்தேகத்துக்கு இது நல்லது. மின்னஞ்சல், பேச்சு, வட்ஸ்அப் பற்றி இதற்கு எதுவும் தெரியாது, எல்லாம் புத்தகம்தான். அதனால் கடித முடிவு வாக்கியங்களுக்கு இதை நம்ப முடியாது.

நம்பிப் போகக் கூடாதவை

ஒத்த சொல் பட்டியல் மட்டும் தருகிற தளங்களை இந்த வேலைக்குத் திறக்கவே வேண்டாம். மெலிந்த என்ற பொருளுள்ள ‘தின்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் ‘ஸ்லிம்’, ‘ஸ்லெண்டர்’, ‘ஸ்கின்னி’ எல்லாம் ஒரே வரிசையில் வரும். முதலிரண்டும் பாராட்டு, கடைசி குறை சொல்வது. ‘ஃபேமஸ்’ என்பதற்கு ‘நொட்டோரியஸ்’ என்று பார்த்து, பரிசளிப்பு விழா வரவேற்புரையில் பிரதம விருந்தினருக்குப் போட்டால், கெட்ட பெயர் எடுத்தவர் என்று சொன்னதாகிவிடும். ஏற்கெனவே தெரிந்த சொல் நாவில் வராதபோது நினைவுபடுத்த அந்தத் தளங்கள் உதவும், தெரியாத சொல்லைத் தெரிவு செய்ய உதவாது. மொழிபெயர்ப்புச் செயலிகளும் அப்படித்தான். தனிச் சொல்லைப் போட்டால் ஒன்றைத் தூக்கித் தரும், ஏன் அது என்று சொல்லாது. முழு வாக்கியமாகப் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளை இப்போது எல்லாரும் பாவிக்கிறார்கள். கேட்கிற விதத்தில்தான் விடயம் இருக்கிறது. ‘இந்த இரண்டு சொல்லுக்கும் என்ன வேறுபாடு’ என்று கேட்டால், வேறுபாடு பெரிதாக இல்லாத இடத்திலும் ஒன்றை நிறுவித் தந்துவிடும். ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ பெரும்பாலான இடங்களில் மாறி மாறி வரக்கூடியவை, மோட்டார் சைக்கிளை இயக்குவது போன்ற சில இடத்தில்தான் ‘ஸ்டார்ட்’ மட்டும் வரும். அந்தச் சிலவற்றைச் சொன்னால் போதும், ஆனால் நீண்ட அட்டவணை வரும். அதற்குப் பதிலாக உங்கள் வாக்கியத்தையே இரண்டு வடிவில் கொடுத்து, யாருக்கு எழுதுகிறீர்கள் என்றும் சொல்லி, எது இயல்பாக இல்லை, ஏன் என்று கேளுங்கள். வருகிற விடையை ஸ்கெல்லில் ஒருமுறை சரிபாருங்கள்.

தமிழே கைகொடுக்கிற இடம்

எங்கள் பக்கத்தில் ‘கதைப்பது’ வேறு, ‘சொல்வது’ வேறு. ‘அவரோடு கதைத்தேன்’ என்போம், ‘அவருக்குச் சொன்னேன்’ என்போம். கதைக்கிற இடத்தில் ‘டோக்’ அல்லது ‘ஸ்பீக்’, சொல்கிற இடத்தில் ‘சே’ அல்லது ‘டெல்’ என்று முதற் பிரிவை அகராதி இல்லாமலே செய்துவிடலாம். பிறகு ஆளைக் குறிப்பிட்டால் ‘டெல்’, சொன்ன விடயத்தை மட்டும் தந்தால் ‘சே’. சிறு பிள்ளைகளுக்கு இந்த வழியில் சொல்லிக்கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

உள்ளூர் விடயங்களில் எந்தக் கருவியும் முழுமையாக உதவாது. கல்லடிப் பழைய பாலம் 1924இல் திறக்கப்பட்டது, அதற்கு ‘ஓல்ட்’. பண்டைய பௌத்தத் தலமான தீகவாபிக்குத்தான் ‘ஏன்சியன்ட்’. இது வரை அகராதி சொல்லும். வாவியை ‘லேக்’ என்று எழுதுகிறார்கள். கடலோடு தொடுப்புள்ள மட்டக்களப்பு வாவிக்கு ‘லகூன்’தான் சரி. குளத்துக்கு இலங்கை ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்பது நிலைத்த வழக்கு, ஆனால் வெளிநாட்டவர் அதை வாசித்துவிட்டுக் கூரைமேல் வைக்கிற தண்ணீர்த் தாங்கியை நினைப்பார். ‘பாடி’யும் அப்படி. நமக்கு அது நெல், ஓக்ஸ்ஃபோர்ட் அகராதியில் அது நெல் விளைகிற வயல். ‘ஐநூறு கிலோ பாடி’ என்ற தொடர் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு விளங்கும், லண்டனில் இருந்து நிதி தருகிறவருக்கு விளங்காது. உள்ளூர் அலுவலகத்துக்கு எழுதும்போது ‘டாங்க்’, ‘பாடி’ என்றே எழுதுங்கள். வெளியே போகிற அறிக்கையில் முதல் தடவை ‘இரிகேஷன் ரிசர்வோயர்’, ‘அன்மில்ட் ரைஸ்’ என்று விளக்கத்தோடு சேர்த்து எழுதிவிட்டால், அடுத்த பக்கத்திலிருந்து நம் சொல்லையே பாவிக்கலாம்.